விக்கிநியூஸின் மதிப்பாய்வு மேசை: 27 ஆண்டு பத்திரிகைக்காரியின் மதிப்பீடு

மதுரையில் ஒரு தமிழ் நாளிதழின் செய்தி மேசையில் 1983 முதல் 2010 வரை உதவி ஆசிரியராக இருந்தேன். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துப் பகுதி நேர நிருபர்கள் செய்தியைக் கவரில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்கள். பிறகு ஃபேக்ஸ் வந்தது, அதன் பிறகு மின்னஞ்சல். எப்படி வந்தாலும் வந்ததில் பாதிக்குமேல் அச்சேறாது. ஏன் அச்சேறவில்லை என்று எழுதியவருக்கு ஒரு வரி எழுதிச் சொன்னதாக எனக்கு நினைவே இல்லை. நேரம் இருக்காது. மறுநாள் காலையில் பேப்பரைப் புரட்டிப் பார்த்து, தன் செய்தி இல்லை என்று அவரே தெரிந்துகொள்ள வேண்டியதுதான். கேட்கத் தயங்கியவர்கள்தான் அதிகம். பல ஆண்டுகள் எழுதியும் தன் பிரதியில் என்ன குறை என்று தெரியாமலே போனவர்களை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதனால்தான், 2026-இல் மூடப்பட்ட ஆங்கில விக்கிநியூஸ் என்ற செய்தித் தளத்தின் மதிப்பாய்வு முறையைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். யார் வேண்டுமானாலும் செய்தி எழுத முடிந்தது. ஆனால் எழுதியவரல்லாத இன்னொருவர் படித்து, சரிபார்த்து, ஒப்புக்கொண்ட பிறகே அது வெளியானது. ஒப்புக்கொள்ளவில்லை என்றால் ஏன் என்பதை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வைக்க வேண்டியிருந்தது. எழுதுபவருக்கும் சம்பளம் இல்லை, படிப்பவருக்கும் இல்லை. நான் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பங்களிப்பாளராக இது எப்படி, மதிப்பாய்வாளராக இது எப்படி என்று இரண்டையும் சொல்கிறேன்.

விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா குடும்பத்தில் 2004-ஆம் ஆண்டு இறுதியில் பிறந்த தளம் இது. அந்தக் காலத்தில் பொதுமக்களே செய்தி எழுதும் தளங்கள் பல இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு வழியில் பிரதியைக் கையாண்டது. 1999 நவம்பரில் சியாட்டில் நகரில் உலக வர்த்தக அமைப்புக்கு எதிரான போராட்டத்தின்போது தொடங்கிய இண்டிமீடியாவில் யாரும் நேரடியாகவே வெளியிடலாம். தவறானதையும் வெறுப்பைக் கக்குவதையும் பின்னால் வந்து மறைப்பார்கள். தென் கொரியாவில் 2000 பிப்ரவரி 22-ஆம் தேதி 727 குடிமக்கள் நிருபர்களோடு தொடங்கிய ஓமைநியூஸ், சம்பளம் வாங்கும் ஆசிரியர் குழுவை வைத்துக்கொண்டு பிரதிகளைச் செப்பனிட்டது. விக்கிநியூஸ் இரண்டுக்கும் நடுவில் நின்றது. வாசல் இண்டிமீடியாவைப் போல எல்லோருக்கும் திறந்திருந்தது. உள்ளே ஓமைநியூஸைப் போல ஒரு மேசை இருந்தது. அந்த மேசையில் உட்காருபவரும் உங்களையும் என்னையும் போல ஒரு தன்னார்வலர்தான்.

2011 டிசம்பரில் என் தம்பி மகன் லீவில் வந்திருந்தான். "அத்தை, பேப்பரில் தப்பு கண்டுபிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறீர்களே, இதைப் பாருங்கள்" என்று கணினியில் தளத்தைத் திறந்து கொடுத்து, எனக்கு ஒரு கணக்கும் தொடங்கிவிட்டான். அந்த வாரம் 'தானே' என்று பெயரிட்ட புயல் வந்தது. டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்து கிடந்தன. என் தோழி ஒருத்திக்கு அங்கே சொந்தம் உண்டு, தொலைபேசியில் அழுதாள். என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை. இரண்டு ஆங்கில நாளிதழ்களின் இணையப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு ஐந்து பத்தியில் ஒரு செய்தி எழுதி, மதிப்பாய்வுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். 27 ஆண்டு மேசை அனுபவம் இருக்கிறது, நேராக வெளியாகிவிடும் என்றே நம்பினேன்.

மறுநாள் காலையில் செய்தியோடு சேர்ந்த, கருத்துகள் எழுதும் பேச்சுப் பக்கத்தில் ஒரு கட்டம் வந்திருந்தது. ஐந்து தலைப்புகள்: பதிப்புரிமை, செய்தித் தகுதி, சரிபார்க்கும் தன்மை, நடுநிலை, நடை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு முடிவு, அதன் கீழே விளக்கம். எந்த நேரத்தில், என் பிரதியின் எந்த வடிவத்தைப் படித்து இந்த முடிவுக்கு வந்தார் என்பதும் பதிவாகியிருந்தது. செய்தித் தகுதியில் மட்டும் தேறியிருந்தேன்.

சரிபார்ப்பில் அவர் எழுதியிருந்ததை என்னால் மறக்க முடியாது. நான் கொடுத்த இரண்டு மூலங்களும் ஒன்றுதான் என்றார். இரண்டு நாளிதழ்களும் ஒரே செய்தி நிறுவனத்தின் பிரதியைத்தான் போட்டிருந்தன. தலைப்பை மட்டும் தங்கள் தங்கள் வழியில் மாற்றியிருந்தன. மூன்றாம் பத்தியையும் நான்காம் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தார். இந்தத் தளத்தின் விதி, ஒன்றையொன்று சாராத இரண்டு மூலங்களாவது வேண்டும் என்பது. செய்தி நிறுவனத்துப் பிரதிகளை என் கையாலேயே நாள்தோறும் வெட்டி ஒட்டியவள் நான். அந்த வாசனையை என் மூக்கு பிடித்திருக்க வேண்டும். பண்ருட்டித் தோப்புகளை நினைத்துக்கொண்டிருந்தேன், மூலத்தைப் பார்க்கவில்லை.

பதிப்புரிமையில், இரண்டு வாக்கியங்கள் மூலத்தின் சொல் வரிசையை அப்படியே பின்பற்றுகின்றன என்று சுட்டியிருந்தார். நடுநிலையில் ஒரே கேள்வி. நான் 'கொலைகாரப் புயல்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். "இது யாருடைய சொல்?" என்று கேட்டிருந்தார். நம் பத்திரிகைகளில் புயல் வந்தால் அது கோரத் தாண்டவம் ஆட வேண்டும். அடுத்த நாள் 'பொதுமக்கள் கடும் அவதி' என்று தலைப்பு வர வேண்டும். இத்தனை ஆண்டுகளில் அந்தச் சொற்கள் யாருடையவை என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. நடையில், 'நேற்று அதிகாலை' என்று எழுதியதைப் பிடித்திருந்தார். கனடாவில் ஒருவர் படிக்கும்போது எது நேற்று? கிழமையைச் சொல்லுங்கள், உள்ளூர் நேரமா என்று சொல்லுங்கள் என்றார்.

அன்று பகல் முழுவதும் உட்கார்ந்து திருத்தினேன். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையைத் தேடி எடுத்து இரண்டாவது மூலமாக வைத்தேன். வாக்கியங்களை என் சொற்களில் மாற்றினேன். ஆனால் அதற்குள் செய்தி பழையதாகிவிட்டது. இங்கே ஒரு நிகழ்வைப் பற்றிய செய்தி இரண்டு மூன்று நாட்களுக்குள் வெளியாக வேண்டியிருந்தது. அதற்குமேல் போனால் புதிதாக ஏதாவது தெரியவந்திருக்க வேண்டும். என் செய்தி வெளியாகவில்லை. கைவிடப்பட்ட பிரதிகளை இங்கே சில நாட்களில் நீக்கிவிடுவார்கள் என்பதால், அந்த மதிப்பாய்வுக் கட்டத்தை மட்டும் ஒரு தாளில் அச்செடுத்து வைத்துக்கொண்டேன். இன்றும் என் மேசை டிராயரில் இருக்கிறது. அந்த மனிதர் யார், ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முகம் தெரியாத ஒருவர் என் ஐந்து பத்திக்காகக் குறைந்தது ஒரு மணி நேரம் செலவழித்திருக்கிறார். நான் பணியில் இருந்த காலத்தில் என் எழுத்தை அவ்வளவு கவனத்தோடு படித்தவர் யாரும் இல்லை.

பங்களிப்பாளராக எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். செய்தி எழுதும் பெட்டிக்குள், வாசகர் கண்ணில் படாத குறிப்புகளைச் சேர்க்க முடிந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் பின்னாலும், இது இன்ன மூலத்தின் இன்ன பத்தியில் இருக்கிறது என்று ஒரு மறைகுறிப்பு வைத்தால் மதிப்பாய்வாளரின் வேலை பாதியாகக் குறையும். நான் மூன்றாவது செய்தியிலிருந்து இப்படி வைக்கத் தொடங்கினேன். வைக்கும்போதுதான் ஒன்று புரிந்தது: எந்த வாக்கியத்துக்குக் குறிப்பு வைக்க முடியவில்லையோ, அந்த வாக்கியத்தை நான் ஊகித்து எழுதியிருக்கிறேன். அழகாக வந்து விழுந்த வாக்கியங்கள்தான் பெரும்பாலும் அப்படி மாட்டின.

2013-இல் மதிப்பாய்வாளர் உரிமைக்கு விண்ணப்பித்தேன். மற்ற பங்களிப்பாளர்கள் என் பழைய செய்திகளைப் பார்த்துவிட்டு ஒப்புதல் தெரிவித்தார்கள். அதன் பிறகு சுமார் நான்கு ஆண்டுகள் வாரத்துக்கு இரண்டு மூன்று பிரதிகள் பார்த்தேன்.

ஒரு பிரதியை எப்படிப் பார்ப்பேன் என்பதைச் சொன்னால்தான் இந்தச் சேவையின் அருமை விளங்கும். 2013 ஜூலை 24-ஆம் தேதி மாலையில் ஸ்பெயினில் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா நகருக்கு அருகே ஒரு விரைவு ரயில் வளைவில் தடம் புரண்டது. மறுநாள் அந்த ஊரில் புனித யாகோபு திருவிழா. விபத்து நடந்து இரண்டு நாள் கழித்து ஒரு பங்களிப்பாளர் தொடர் செய்தி எழுதி அனுப்பியிருந்தார். நான்கு பத்திதான். அதில் '80' என்ற எண் இரண்டு இடங்களில் வந்தது. வளைவில் அனுமதிக்கப்பட்ட வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர். இறந்தவர்கள் 80 பேர். ஒரே எண் இரண்டு இடத்தில் வந்தால் மேசைக்காரிக்கு உடனே சந்தேகம் வரும். எழுதியவரின் கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவியிருக்கலாம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூலங்களைத் திறந்தேன். வேகம் சரி. இறந்தவர் எண்ணிக்கை ஒரு மூலத்தில் 80, இன்னொன்றில் 78.

விபத்துச் செய்திகளில் எண்ணிக்கை ஏறும், இறங்காது. அப்படியென்றால் 78 பழைய எண், 80 புதிய எண் என்றுதான் எந்த உதவி ஆசிரியரும் முடிவு செய்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு இரண்டு மூலங்களின் நேரத்தைப் பார்த்தேன். 78 என்று சொன்னதுதான் பிந்தியது. தடயவியல் பரிசோதனையின்போது உடல்களை அடையாளம் கண்டு சரிபார்த்ததில் எண்ணிக்கையை அதிகாரிகள் குறைத்திருந்தார்கள். இரண்டு நாள் கழித்து, மருத்துவமனையில் ஒருவர் இறந்ததும் அது 79 ஆனது. பழக்கத்தை நம்பி விட்டிருந்தால், இல்லாத இரண்டு பேரை இறந்தவர் கணக்கில் சேர்த்திருப்பேன்.

பெட்டியில் நான் செய்ய முடிந்தது என்ன? எண்ணை மாற்றுவது ஒரு நொடி வேலை. ஆனால் இங்கே ஒரு கறாரான விதி இருந்தது. எழுத்துப் பிழை, நிறுத்தற்குறி போன்ற சிறு திருத்தங்களை மதிப்பாய்வாளர் செய்யலாம். செய்தியின் உள்ளடக்கத்திலேயே பெரிதாகக் கை வைத்துவிட்டால் அவரும் எழுதியவர்களில் ஒருவர் ஆகிவிடுவார். பிறகு அவர் அதை வெளியிட முடியாது, வேறொருவர் வந்து பார்க்க வேண்டும். எண் மட்டும் மாறினால் போதாது, ஏன் மாறியது என்ற ஒரு வாக்கியமும் வேண்டியிருந்தது. அதை நான் எழுதக்கூடாது. மூலத்தின் சுட்டியோடு கட்டத்தில் எழுதி, சரிபார்ப்பில் தேறவில்லை என்று குறித்து அனுப்பினேன். அந்தப் பங்களிப்பாளர் விழித்திருந்தார். 40 நிமிடத்தில் திருத்தி மறுபடியும் அனுப்பினார். வெளியிட்டேன். அப்போது எங்கள் வீட்டில் விடியற்காலை நான்கு மணி. பால்காரர் வரும்வரை தூங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கட்டுப்பாடு பத்திரிகை மேசையில் வளர்ந்தவர்களுக்கு எவ்வளவு கடினம் என்று சொல்லி மாளாது. எங்கள் பழக்கம் அடித்து எழுதுவது. நிருபரின் முதல் பத்தியை ஐந்தாவது பத்தியாக்கி, ஐந்தாவதில் புதைந்து கிடந்த உயிரான விஷயத்தை மேலே கொண்டுவந்து, தலைப்பும் போட்டு அனுப்பிவிடுவோம். செய்தி நன்றாக வரும். நிருபர் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார். இங்கே கையைக் கட்டிக்கொண்டு, உங்கள் உயிரான விஷயம் ஐந்தாவது பத்தியில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். எழுதியவர் தாமாகவே அதை மேலே கொண்டுவரும்போது, அடுத்த செய்தியில் அதைச் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது. இரண்டு மாதங்களில் முற்றிலும் மாறிப்போன பங்களிப்பாளர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெளியான பிறகும் காவல் தொடர்ந்தது. 24 மணி நேரத்துக்குப் பிறகு செய்தியின் உள்ளடக்கத்தை மாற்றக்கூடாது. தவறு தெரியவந்தால் தவறு இது, சரி இது என்று செய்தியின் தலையிலேயே திருத்தக் குறிப்பு வைக்க வேண்டும். சத்தமில்லாமல் மாற்றி எழுதிவிட்டு, முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று காட்டும் வேலை இங்கே நடக்காது. நாளிதழில் எட்டாம் பக்கத்து மூலையில் பொடி எழுத்தில் திருத்தம் போட்டுப் பழகியவள் என்ற முறையில் இதை இரு கை கூப்பி வரவேற்கிறேன். பிறகு செய்தி ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பூட்டப்படும்.

மூலமில்லாத வரியை ஏன் விடக்கூடாது என்பதற்கு விக்கிநியூஸே வெளியிட்ட ஒரு செய்தியை எல்லோரிடமும் சொல்வேன். 2007 ஜூனில் கிறிஸ் பென்வா என்ற மல்யுத்த வீரரின் விக்கிப்பீடியா பக்கத்தில், அவருடைய மனைவி இறந்துவிட்டதாக யாரோ ஒரு வரி சேர்த்தார்கள். மூலம் இல்லை என்று அந்த வரி ஒரு மணி நேரத்துக்குள் நீக்கப்பட்டது. சுமார் 14 மணி நேரம் கழித்து, அந்தக் குடும்பத்தினரின் உடல்களைக் காவல்துறை கண்டெடுத்தது. இந்த நேர வேறுபாட்டை விக்கிநியூஸ் வெளிக்கொண்டுவந்தது, உலகமே பேசியது. அந்த வரியைச் சேர்த்தவர் பிறகு, தான் கேட்ட வதந்தியை எழுதியதாகவும் அது பலித்துப்போனது தற்செயல் என்றும் விக்கிநியூஸ் பக்கத்திலேயே எழுதினார். அந்த வரி உண்மையாகிவிட்டதே, நீக்கியது தவறுதானே என்று என் தம்பி மகன் கேட்டான். நீக்கியவர் செய்தது சரி என்றே நான் சொன்னேன். அந்த நிமிடத்தில் அது வதந்தி. ஒரு பெண் இறந்துவிட்டாள் என்று மூலமில்லாமல் எழுதியதை, பின்னால் நடந்த கொடுமை நியாயப்படுத்திவிடாது.

இனி குறைகளைச் சொல்ல வேண்டும். என் அன்பைப் பார்த்துவிட்டு யாராவது குறையே இல்லாத தளம் என்று நினைத்துவிடக் கூடாது.

முதலாவதும் பெரியதும் வரிசைதான். மதுரை மல்லியைப் போன்றது செய்தி. காலையில் அரும்பாகப் பறித்தால் மாலைக்குள் விற்றாக வேண்டும். மறுநாள் அது நார். விக்கிநியூஸில் மதிப்பாய்வாளர்கள் எப்போதுமே கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான். ஒழுங்காகப் பார்த்தால் நான்கு பத்திக்கு இரண்டு மணி நேரம் ஆகும். இரண்டு பேர் ஊருக்குப் போய்விட்டால் வரிசை நின்றுவிடும், நன்றாக எழுதப்பட்ட பிரதிகளும் வாடும். இந்தக் குறையைத் தளத்துக்காரர்களே பல ஆண்டுகளாகப் பேசிவந்திருக்கிறார்கள். 2011-இல் ஒரு பிரிவினர் வெளியேறி ஓப்பன்குளோப் என்று தனித் தளம் தொடங்கியதும் நடந்தது, அது நீடிக்கவில்லை. விதியைத் தளர்த்தினால் வரிசை நகரும், செய்தியின் தரம் போகும். ஆட்களைக் கூட்டுவதுதான் வழியாக இருந்தது. ஆனால் இரண்டு மணி நேரம் இன்னொருவர் பிரதியைப் படிக்கச் சம்மதிப்பவர்களைவிட, சொந்தப் பிரதி எழுத விரும்புபவர்களே எந்த ஊரிலும் அதிகம்.

இரண்டாவது, கட்டத்தின் குரல். ஐந்து தலைப்பிலும் தேறவில்லை என்ற சொல் வரிசையாக நிற்பதைப் பார்த்து முதல் நாளிலேயே திரும்பிப் பார்க்காமல் போனவர்கள் உண்டு. எனக்கு வயதும் அனுபவமும் இருந்ததால் தாங்கினேன். 18 வயதுப் பிள்ளையாக இருந்திருந்தால் அழுதிருப்பேன். அதனால் நான் மதிப்பாய்வு செய்தபோதெல்லாம், தேறாத தலைப்பின் விளக்கத்திலும் முதலில் நன்றாக இருக்கும் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் குறையைத் தொடுவேன். விதியில் அப்படி எதுவும் இல்லை. மேசைக்கு வருபவர் மனிதர் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி அது.

மூன்றாவதுதான் என்னை அதிகம் உறுத்துவது. மதிப்பாய்வாளரால் படிக்க முடியாத மொழியில் மூலம் இருந்தால் சரிபார்ப்பது எப்படி? ஆங்கிலப் பதிப்பில் தமிழ் நாளிதழை மூலமாகக் காட்ட விதி தடை சொல்லவில்லை. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்த மதிப்பாய்வாளர் அன்று விழித்திருக்க வேண்டுமே. அதனால் ஆங்கிலத்தில் யாராவது ஏற்கெனவே எழுதிய நிகழ்வுகளே எளிதாகக் கடந்துவந்தன. உசிலம்பட்டியில் நடந்ததை ஆங்கிலப் பத்திரிகை எழுதவில்லை என்றால், நேரில் போய் விசாரித்து எழுதும் சொந்தச் செய்தியாகத்தான் கொடுக்க வேண்டும். அதற்கு உரையாடல் குறிப்புகளையும் பதிவுகளையும் பேச்சுப் பக்கத்தில் வைத்து நிரூபிக்க வேண்டும். நியாயமான விதி, ஆனால் எளிய மனிதர்களுக்கு எட்டாத விதி. தமிழிலும் விக்கிசெய்தி என்று தனிப் பதிப்பு இருந்தது. நம் மொழி மூலங்களைப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே இருப்பார்கள். சத்தீஸ்கரில் 2010 முதல் நடக்கும் சிஜிநெட் ஸ்வராவை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. அங்கே கோண்டி பேசும் பழங்குடி மக்கள் செல்பேசியில் தங்கள் செய்தியைப் பேசிப் பதிவு செய்கிறார்கள். அதைக் கேட்டுச் சரிபார்த்த பிறகு மற்றவர்கள் கேட்கும்படி வெளியிடுகிறார்கள். ஒழுங்கு பார்க்கும் வேலை பேசுபவரின் மொழிக்கே போய்விட்டது. விக்கிநியூஸின் ஐந்து தலைப்புகளோடு அந்தக் காதும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

யாருக்கு இது ஏற்றதாக இருந்தது? வேகமாகப் பெயர் வாங்க நினைப்பவருக்கு ஏற்றதல்ல. பணம் கிடையாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானதால் உங்கள் செய்தியை யாரும் மூலம் குறிப்பிட்டு எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். செல்பேசியில் எழுதுவது சிரமம், கணினி வேண்டும். இதழியல் படிக்கும் மாணவர்களுக்கும், பத்திரிகையில் இரண்டாண்டு வேலை பார்த்தும் ஒருவரும் உங்கள் பிரதியைப் பற்றி உங்களிடம் பேசவில்லை என்று உணர்பவர்களுக்கும் இதைவிட நல்ல மேசையை நான் அறியேன். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். குறைத்த ஒன்று, வரிசையில் வாடிப்போன பிரதிகளுக்காக.

2025-இல் விக்கிநியூஸை இப்படியே தொடர்வதா, மூடிவிடுவதா என்று விக்கிமீடியா பொதுக் கலந்தாய்வு தொடங்கியது. 2026-இல் தளம் மூடப்பட்டது; பழைய செய்திகளைப் படிக்க மட்டுமே முடியும். வாசகர் குறைவு, எழுதுபவர் குறைவு என்ற வாதங்களில் உண்மை இருக்கிறது. என் வேண்டுகோள் ஒன்றுதான். செய்திகளைப் பாதுகாப்பதுபோலவே பேச்சுப் பக்கங்களையும் பாதுகாக்க வேண்டும். ஒரு செய்தி ஏன் முதல்முறை தேறவில்லை, இரண்டாம் முறை எப்படித் தேறியது என்று படிப்படியாகப் பதிவான ஆவணம், நான் வேலை பார்த்த எந்த மேசையிலும் கிடையாது. இதழியல் வகுப்புகளுக்கு அவை தங்கச் சுரங்கம்.

நான் மதிப்பாய்வு செய்வதை முன்பே நிறுத்திவிட்டேன், கண் ஒத்துழைக்கவில்லை. சனிக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளை நூலகத்தில் நான்கு கல்லூரிப் பிள்ளைகளை உட்கார வைத்து, ஐந்து தலைப்புகளையும் வெள்ளைத் தாளில் கட்டம் போட்டுக் கொடுக்கிறேன். ஒருவர் தம் தெருவைப் பற்றி ஒரு செய்தி எழுத வேண்டும்; இன்னொருவர் கட்டங்களை நிரப்ப வேண்டும். அடித்து எழுதக்கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். போன வாரம் ஒரு பெண் ரேஷன் கடையைப் பற்றி எழுதி வந்திருந்தாள். 'பாமாயில் வராததால் பொதுமக்கள் கடும் அவதி' என்று தலைப்பு. அதைப் படித்த பையன் சரிபார்ப்புக் கட்டத்தில் பென்சிலால், "எத்தனை பேரிடம் கேட்டீர்கள்?" என்று எழுதியிருந்தான். அவள் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "மூன்று பேர்தான் அம்மா. அதில் ஒருவர் எங்கள் சித்தி" என்றாள். பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கடை பன்னிரண்டரை மணிவரைதான் திறந்திருக்கும் என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தாள்.